வைவாக்ஸின் குலம் கோத்திரம்

மனித குலம் இதுவரை கிருமிகளை நடத்திய விதம் வெட்கக்கேடானது. கண்டால் மருந்தடிக்கிறார்கள், மாத்திரை போட்டுக் கொல்கிறார்கள். நீ யார், எந்த வம்சம், உனக்கு என்ன குறை என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் களங்கத்தைத் துடைத்த பெருமை பெங்களூருக்கே சேரும். அதிலும், பழைய மெட்ராஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் 'ஸ்வர்ண சரோவரா' என்னும் அடுக்குமாடிக்கு. அங்கே மண் சுமக்கும் பாக்கியம் பெற்றவன் நான். ஒரு மலேரியாக் கிருமிக்காக நாற்காலி போட்டு, ஏசி போட்டு, முந்திரி பிஸ்கட் வைத்துக் குலம் கோத்திரம் விசாரித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வீடு வாங்குகிறவர்களுக்கு மேல்மாடியிலிருந்து அல்சூர் ஏரி தெரியும் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. எங்களுக்கு மேல்மாடி வரைக்கும் காத்திருக்கும் கஷ்டத்தைக் கம்பெனி வைக்கவில்லை. கார் நிறுத்துவதற்காகத் தோண்டிய பெரும்பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று பாசி பிடித்து, எங்களுக்கென்று ஓர் ஏரி முதலிலேயே உண்டாகிவிட்டது. புதுக் கான்கிரீட் வெடிக்காமல் இருக்க நாள் தவறாமல் நனைக்க வேண்டும், க்யூரிங் என்பார்கள். அதற்கு அந்தத் தண்ணீரையே மொண்டு ஊற்றினோம். லாரித் தண்ணீர் வாங்கும் வேலை மிச்சம். இதற்கு 'நீர் மேலாண்மை' என்று பெயர். கம்பெனிக்கு இதற்காக ஒரு கேடயம்கூடக் கிடைத்தது.

அந்த ஏரிக்கரையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் வெங்கடசாமி. ஜோகுபாளையத்துக்காரர். நடந்தே வேலைக்கு வந்துவிடுவார். ஒருநாள் நடு மத்தியான வெயிலில், கையில் கம்பியோடு, பல் கிடுகிடுக்க உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் மறுபடியும் குளிர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா, வைவாக்ஸ் என்னும் வகை என்றார்கள். மாத்திரை இலவசமாகவே கொடுத்தார்கள். "ரெண்டு வாரம் விடாம சாப்பிடணும், படுத்து ரெஸ்ட் எடுக்கணும். பாதியில விட்டா திரும்ப வரும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

படுப்பதில்தான் சிக்கல். எங்கள் கேட்டில் முகம் பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். தொடர்ந்து வராதவர் முகத்தை அது மறந்துவிடும். பிறகு சிவப்பு விளக்குதான், வேலை போயிற்று.

ஆனால் கம்பெனி இரக்கமில்லாதது அல்ல. முன்னொரு சமயம் காவலாளி ஒருவரைப் பாம்பு கடித்தபோது ஒரு நல்ல விதியை உண்டாக்கியிருந்தார்கள். 'வளாகத்துக்குள் பிராணியால் தீங்கு நேர்ந்தால், குணமாகும்வரை சம்பளத்துடன் விடுப்பு. அப்பிராணியின் இருப்பிடம் உடனடியாக அகற்றப்படும்.' இந்த விதியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் படியேறினார் வெங்கடசாமியின் மனைவி சின்னத்தாயி. அதே இடத்தில் மணல் சலிக்கிறவர். துணைக்கு என்னையும் இழுத்துப்போனார்.

புராஜெக்ட் மேனேஜர் சேஷகிரி சார், கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசும் பெருந்தன்மை உள்ளவர்.

"சார், வாட்ச்மேனைப் பாம்பு கடிச்சதுக்கு லீவு குடுத்தீங்க. இவர கொசு கடிச்சிருக்கு. இதுவும் கடிதான?" என்றார் சின்னத்தாயி.

"நோடம்மா, இதைப் பாரு, கொசு கடிச்சா இன்னா ஆகும்? அரிக்கும். அரிப்புக்கு லீவ் இல்ல. காய்ச்சல் குடுத்தது கொசு இல்ல, உள்ள போன கிருமி. கொசு வெறும் டெலிவரி பாய்."

"அப்போ அந்தக் கிருமி பிராணி இல்லியா சார்?"

வேறு மேனேஜராக இருந்தால் 'இல்லை, போ' என்று அனுப்பியிருப்பார். சேஷகிரி சார் அப்படிப்பட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்தார். "ஹௌதல்லா, ஆமால்ல... அது பிராணியா?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார். விஞ்ஞான மனப்பான்மை என்று சொல்கிறார்களே, அதை நேரில் பார்த்தது எனக்கு அன்றுதான்.

'மலேரியாக் கிருமி வகைப்பாட்டு உயர்மட்டக் குழு' இப்படித்தான் பிறந்தது. தலைவர் சேஷகிரி சார். விலங்கியல் தரப்புக்கு, ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற பேராசிரியர் அமல். தாவரவியல் தரப்புக்கு, கம்பெனியின் மொட்டைமாடித் தோட்ட ஆலோசகர் மமதா மேடம். தொழிலாளர் தரப்புக்கு அடியேன். கையெழுத்துப் போடத் தெரிந்த தொழிலாளி ஒருவர் வேண்டும் என்று விதி இருந்தது. காது முடி நரைத்த பிறகு, ஆஸ்டின் டவுனில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். இப்படியொரு உபயோகம் வரும் என்று நினைத்துக் கற்கவில்லை.

கூட்டம் 'மாதிரி வீட்டில்' நடந்தது. வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே அலங்கரித்த வீடு. மேஜைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள், அலமாரியில் உள்ளே தாளில்லாத புத்தகங்கள். ஜன்னலுக்குக் கீழே பள்ளம். முதலில் எல்லோரும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் மூச்சை 'கவனிக்க' வேண்டும் என்றார் சேஷகிரி சார். கவனித்தோம். அந்த ஒரு நிமிஷத்தில் ஆளுக்கொரு கொசுவாவது எங்களைக் கவனித்தது.

பேராசிரியர் அமல் எழுந்தார். நல்ல மனுஷர், குரலே ஜெபக்கூட்டத்துக் குரல்.

"மலேரியாக் கிருமி ஓர் ஒட்டுண்ணி. ஒட்டுண்ணின்னா, தான் உழைக்காம இன்னொருத்தன் ரத்தத்தை உறிஞ்சி, அவன் உடம்பிலேயே குடியிருந்து பெருகுறது."

மேஜையைச் சுற்றி நாற்காலிகள் லேசாகக் கிரீச்சிட்டன. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இது ஒரே செல். ஆனா நகருது, ரத்தத்தில இருக்கிற சிவப்பைத் தின்னுது. தின்னுறது, நகர்றது ரெண்டும் பிராணியோட லட்சணம். பழைய புஸ்தகங்கள்ல இதைப் புரோட்டோசோவான்னு சேர்த்தாங்க. 'முதல் பிராணி'ன்னு அர்த்தம்."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த சின்னத்தாயிக்கு இது கேட்டுவிட்டது. உள்ளே தலையை நீட்டினார். "ண்ணா, பிராணின்னு சொல்ட்டாரு! எழுதிக்கோண்ணா!"

நான் பேனாவைத் திறந்தேன். மமதா மேடம் கையை உயர்த்தினார்.

"எக்ஸ்க்யூஸ் மி. அந்த செல்லுக்குள்ள ஒரு சின்னப் பை இருக்கு. அது எங்கிருந்து வந்துதுன்னு சார் சொல்லலியே? பாசியில இருந்து வந்தது. இலையில பச்சையம் இருக்கிற பை மாதிரியே. இப்போ பச்சை இல்ல, சாப்பாடும் தயாரிக்காது. ஆனா வம்சம் வம்சம்தானே? களைக்கொல்லி சிலது அதுமேல வேலை செய்யுது, தெரியுமா? களைக்கொல்லிக்குச் சாகுறதைப் பிராணின்னு சொல்றீங்களா?"

"அது எப்பவோ முழுங்கின பாசி, மேடம். நீங்க கீரை சாப்பிட்டா கீரை ஆயிடுவீங்களா?"

"நான் அதைக் கோடிக்கணக்கான வருஷமா உள்ள வெச்சுக்கல, சார்."

சேஷகிரி சார் முகம் மலர்ந்தது. தாவரமென்றால் வேறு விதி. செடிகொடிகளால் தோலில் தடிப்பு வந்தால் தோட்டக் கான்ட்ராக்டர் ஒரு களிம்பு கொடுப்பார், அத்தோடு சரி. தோட்டக் கான்ட்ராக்டருக்குப் போன் போனது. அவர் கட்சி வேறு. "நான் வெச்ச செடி எதுவும் ரத்தத்துல வளரல சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்படியாகக் குழு கூடிக் கூடிக் கலைந்தது. அந்த நாட்களில் வெங்கடசாமி ஒருநாள் விட்டு ஒருநாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். இந்தக் கிருமியின் பெருந்தன்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருநாள் ஆட்டிவைத்தால் மறுநாள் விடுப்புக் கொடுக்கிறது. கம்பெனி அதுகூடக் கொடுக்கவில்லை. குளிர் விட்ட நாளில் வந்து மெஷினுக்கு முகத்தைக் காட்டிவிட்டுச் சாரத்தில் ஏறுவார். மாத்திரை வயிற்றைப் புரட்டியது. உயரத்தில் தலை சுற்றியது.

"இன்னாப்பா, மாத்திரை போட்டியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டா வாந்தி வருதுண்ணா. மேல நின்னுக்கிணு வாந்தி எடுத்தா, கீழ யார் தலைல விழும்? வுட்டுட்டேன்."

"டாக்டரு வுடக்கூடாதுன்னாரே."

"படுத்துக்கிணு சாப்பிடச் சொன்னாரு. நான் எங்க படுக்க? உங்க கமிட்டி லீவு குடுக்கட்டும், படுத்துக்கறேன்." சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

நான் அதைக் குழுவில் சொன்னேன். 'தொழிலாளர் தரப்பு உணர்ச்சிவசப்பட்டது' என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. கீழே கையெழுத்தும் நானே போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் ஒருவழியாக விஞ்ஞானம் வென்றது. பேராசிரியரும் மேடமும் சமாதானமானார்கள். பிராணி என்பதும் பழைய கதை, தாவரம் என்பதும் சரியில்லை. இக்காலத்துப் பாடப்புத்தகங்களில் அதற்கு வேறு இடம் என்றார்கள். சுவரில் பெரிய திரையில் அதன் ஜாதகம் தெரிந்தது. உலகம், புரோட்டிஸ்டா. தொகுதி, ஏபிகாம்ப்ளெக்ஸா. குடும்பம், பிளாஸ்மோடிடே. பேரினம், பிளாஸ்மோடியம். சிற்றினம், வைவாக்ஸ். கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளைக்கு இத்தனை வரி இருக்காது. எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியதில் சில கொசுக்களும் செத்தன.

"இந்தப் புரோட்டிஸ்டா அப்படின்னா?" என்றார் சேஷகிரி சார்.

"பிராணியிலயும் சேராம, தாவரத்திலயும் சேராம, காளான்லயும் சேராம நிக்கிறதையெல்லாம் போட்டு வைக்கிற உலகம்" என்றார் பேராசிரியர்.

"அந்த உலகத்துக்கு நம்மகிட்ட ரூல் இருக்கா?"

பிராணிக்கு விதி உண்டு, செடிக்கு விதி உண்டு. இரண்டும் இல்லாததற்கு ஒரு விதியும் இல்லை.

"ஆய்த்து, முடிஞ்சுது" என்றார் சேஷகிரி சார். "ரூல் இல்லன்னா லீவும் இல்ல."

சின்னத்தாயி இந்த முறை வாசலில் நிற்கவில்லை. மணல் படிந்த காலோடு பளிங்குத் தரையில் நடந்து உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? அது எந்த உலகம்னு இத்தினி நாளாத் தேடறீங்க. எங்க வூட்டுக்காரரு இந்த உலகத்துல இருக்கணுமா வாணாமா, அதைச் சொல்லுங்க முதல்ல."

பேராசிரியர் அமலின் முகம் சுருங்கியது. "சேஷகிரி, ஒண்ணு சொல்லட்டுமா? உலகம் எதுவா இருந்தா என்ன. அந்தப் பள்ளத்துத் தண்ணியை எடுத்துருங்க. கொசு அங்கதானே முட்டை வைக்குது? அதோட முடிஞ்சுது."

சேஷகிரி சார் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சார், கொசு நம்ம சப்ஜெக்ட் இல்ல" என்றார் சேஷகிரி சார் மரியாதையாக. "குழுவோட பேரைப் படிங்க. கிருமி வகைப்பாடு. கொசுவுக்குத் தனியா ஒரு குழு போட்டா நீங்களே தலைவர்."

பேராசிரியர் முந்திரி பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் சின்னத்தாயி உள்ளே வந்ததில் ஒரு பயன் ஏற்பட்டது. இந்தச் செய்தி வெளியே பரவினால் 'நோயற்ற வளாகம்' என்னும் சான்றிதழ் கிடைக்காதே என்று சேஷகிரி சாருக்குப் பட்டது. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஒவ்வொரு வீடும் கூடுதல் விலைக்குப் போகும். நோய் இங்கேயே பிறந்ததாக இருந்தால் சான்றிதழ் இல்லை. வெளியூரிலிருந்து வந்ததாக இருந்தால் தடையில்லை. ஆகவே உலகம், தொகுதி, குடும்பம் எல்லாம் கண்டுபிடித்த குழு, கடைசியாக ஊரைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தது. வெங்கடசாமி வரவழைக்கப்பட்டார். குளிர் நாள். கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு வந்தார். நாற்காலி துணி போட்டது, அழுக்காகும் என்று நின்றுகொண்டார்.

"உங்க ஊர் எது?"

"ஜோகுபாளையம் சார்."

"அது ஏரியா. ஊர் எது?"

"அதான் சார் ஊரு. அங்கதான் பொறந்தேன்."

"உங்க அப்பா?"

"அவரும் அங்கதான் பொறந்தாரு. அங்கியே செத்தாரு."

"தாத்தா?"

வெங்கடசாமி யோசித்தார். "தாத்தா ஆம்பூர் பக்கம்னு சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் காலத்துல இங்க வந்தவரு."

"வந்தவரு!" என்றார் சேஷகிரி சார். குழுவைச் சுற்றிப் பார்த்தார். "கேட்டீங்களா? வந்தவரு. பேராசிரியர் சார், இந்த வைவாக்ஸ் கல்லீரல்ல போய்த் தூங்கும்னு சொன்னீங்களே?"

"ஆமா. சில கிருமி அங்க ஒளிஞ்சு தூங்கும். அப்புறம் முழிச்சுக்கும். அதனாலதான் ரெண்டு வாரம் மாத்திரை."

"எத்தனை நாள் தூங்கும்?"

"மாசக்கணக்கா. சில சமயம் வருஷம்கூட ஆகும்."

"ஒரு மூணு தலைமுறை?"

"சேஷகிரி, தாத்தா கல்லீரல் பேரனுக்கு வராது."

"ரத்த சம்பந்தம் இருக்கே சார்."

"அப்படி எந்த ஆராய்ச்சியும் இல்ல."

"தூங்காதுன்னு ஆராய்ச்சி இருக்கா? ஆம்பூர் தாத்தா, ஜோகுபாளையம் பேரன், யாராவது செஞ்சு பார்த்திருக்காங்களா?"

"...இல்ல."

"அப்போ 'மறுக்கப்படவில்லை'ன்னு எழுதிக்கலாம்."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். கிருமி ஆம்பூரில் பிறந்தது. தாத்தாவின் கல்லீரலில் படுத்தபடி ரயிலேறிப் பெங்களூர் வந்தது. அப்பாவின் காலம் முழுவதும் தூங்கியது. 'ஸ்வர்ண சரோவரா'வின் தூய காற்று பட்டதும் விழித்தது. இதைவிடத் தெளிவாக ஒரு கிருமியின் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுதியதில்லை. நோயாளியை அவருடைய சொந்த ஊருக்குக் கௌரவமாக அனுப்பிவைப்பது என்று தீர்மானமாயிற்று. ஆம்பூருக்கு ஒரு பஸ் டிக்கெட்டும் கொடுத்தார்கள்.

"ஆம்பூர்ல யார் வூட்டுக்குப் போவேன்?" என்றார் வெங்கடசாமி.

"சொந்த ஊர்ல சொந்தக்காரங்க இருப்பாங்க, நோடி" என்றார் சேஷகிரி சார் ஆதரவாக.

வெங்கடசாமி ஆம்பூர் போகவில்லை. ஜோகுபாளையத்துக்கு நடந்து போனார். மறுநாள் வேலைக்கு வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. "நீங்க ஆம்பூர்ல இருக்கீங்கன்னு சிஸ்டம்ல வருது" என்றார் கேட் காவலாளி. "உங்களை எப்படி உள்ள வுடறது?" சின்னத்தாயி மணல் சலித்த கூலியில் வீடு ஓடியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். இந்த முறை அவர் படுத்துக்கொண்டே சாப்பிட்டார். வேலை இல்லாததால் கம்பெனி கொடுக்காத விடுப்பு அவருக்குத் தானாகக் கிடைத்திருந்தது.

அப்போதுதான் சேஷகிரி சாருக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம், மாதிரி வீட்டில், வீடு வாங்க வந்த இருவருக்கு 'ஏரிக் காட்சி'யை விளக்கிக்கொண்டிருந்தபோது பல் கிடுகிடுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே வைவாக்ஸ். குடும்பம்கூட மாறவில்லை. அவருடைய தாத்தா எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. படுக்கையிலிருந்தபடியே போனில் ஒரே வார்த்தை சொன்னார்: "தண்ணி எடுங்க."

பெரிய மோட்டார் வந்தது. குழாயைப் பள்ளத்தில் இறக்கி ஓட்டினார்கள். கொஞ்சம் இழுத்து நின்றுவிட்டது. அடியில் குழாய் வாயைச் சேறும் சிமெண்ட் பையும் அடைத்திருந்தன. யாராவது மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் வார வேண்டும். கரையில் நின்ற நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தோம். நானும் ஒளிந்தேன்.

கம்பெனியிலிருந்து ஜோகுபாளையத்துக்குப் போன் போனது. வெளி ஆளாக, தனிக் கூலிக்கு, இன்றைக்கு மட்டும். கேட்டில் விளக்கு எரிய வேண்டிய அவசியமில்லை, பின்பக்கத் தகரத்தைத் தூக்கி உள்ளே வரலாம்.

"போவாத. மாத்திரை முடியல" என்று சின்னத்தாயி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மணல் கூலியைத் தவிர வீட்டில் வேறு வரும்படி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். சட்டையை விட்டுவிட்டார்.

"ஏன் சார் இவரையே கூப்பிட்டீங்க?" என்று நான் சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயிருந்து சேஷகிரி சாரே சொன்னாரு. இவருக்குத்தான் அது ஏற்கெனவே வந்துடுச்சே. புதுசா என்ன வரப்போவுது?"

வெங்கடசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாசி அவர் மார்பைச் சுற்றி விலகி மறுபடி மூடியது. மேலே நின்ற எங்களுக்கு அவருடைய பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அது தண்ணீரின் குளிரா, மற்ற குளிரா என்று வகைப்படுத்த அங்கே யாரும் வரவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எங்கள் உயர்மட்டக் குழுவின் திறமையைப் பற்றி இனி யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. ஒரு கிருமி என்ன ஜாதி என்று கண்டுபிடிக்கத்தான் அதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. பள்ளத்தில் இறங்க வேண்டிய மனிதன் எந்த ஜாதி என்பதற்கு ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை.